பாவலர் உடன்பிறப்புகள்: ஒரு பாட்டுக் குழுவின் இசை வேர்கள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

இசைக்கு இளகாத மனம் இல்லை. தொட்டிலில் கிடக்கும்போது தாலாட்டு, வயலில் இறங்கும்போது நடவுப் பாட்டு, வாழ்வு முடியும்போது ஒப்பாரி என்று மனிதனின் முதல் மூச்சு முதல் கடைசி மூச்சு வரை இசை அவனோடு நடந்து வருகிறது. அப்படியிருந்தும், "எனக்கு இசை தெரியாது" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்லிக்கொள்கிறோம். யாரிடமும் முறையாகக் கற்கவில்லை என்பதையே 'தெரியாது' என்ற சொல்லால் குறிக்கிறோம். கற்காதவனுக்கு இசை எங்கிருந்து வருகிறது? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சென்ற ஆண்டு கல்லூரி விழாவிற்காக மாணவர் சிலர் சேர்ந்து ஓர் இன்னிசைக் குழு அமைத்தோம். ஒருவர் கீபோர்டு வாசிப்பவர். மற்றொருவர் கிட்டாரில் நான்கைந்து பாடல்கள் அறிந்தவர். இன்னொருவர் ஊர்த் திருவிழாக்களில் பம்பை அடித்துப் பழகியவர். வெள்ளிமலையிலிருந்து வரும் நான் பாடுவதற்கு. ஒத்திகையின்போது ஒரு நண்பர், "நம்மில் ஒருவர்கூட முறையாகச் சங்கீதம் படிக்கவில்லையே, மேடை ஏறலாமா?" என்று கேட்டார். யாரும் விடை கூறவில்லை. பிறகு அவரே என் பக்கம் திரும்பி, "உங்கள் மலையில் பாடும் பாட்டு ஒன்று பாடேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பாட்டா? எங்கள் ஆயா சாமை குத்தும்போது முணுமுணுப்பது" என்று தட்டிக் கழித்துவிட்டேன். அன்று மேடையில் திரைப்படப் பாடல்களே பாடினோம். கைதட்டலும் கிடைத்தது.

அந்த விடை சரியான விடைதானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளத் தமிழ்நாட்டில் இதே போல ஒரு சிற்றூரில் முளைத்த ஒரு பாட்டுக் குழுவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதுவே பண்ணைப்புரத்துப் 'பாவலர் பிரதர்ஸ்' குழு. அதன் உறுப்பினர் ஒருவரை உலகம் அறியும், அவர் இளையராஜா. ஆனால் அக்குழுவை உருவாக்கிய மூத்தவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அக்குழுவினர் எங்கிருந்து எதைப் பெற்றனர் என்பதைச் சுருங்கக் காண்போம்.

ஊரும் வீடும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், இன்றைய தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள ஊர் பண்ணைப்புரம். அன்று அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஒரு பக்கம் வயல். மறு பக்கம் மலை. மலைக்கு மேலே தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களும் ஏலத் தோட்டங்களும். தமிழ்த் தொழிலாளர்கள் பிழைப்பிற்காக அம்மலை ஏறி இறங்கியவண்ணம் இருந்தனர். கூலிக்காக மலை இறங்கும் நம் கல்வராயன் மலை மக்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

அவ்வூரில் இராமசாமி, சின்னத்தாயம்மாள் குடும்பத்துப் பிள்ளைகளே நம் கதையின் நாயகர்கள். மூத்தவர் வரதராஜன். அவர் மற்றவர்களுக்கு மாற்றாந்தாய் வயிற்று அண்ணன். அவருக்கு இளையவர்கள் பாஸ்கர், இராசையா, அமர்சிங். இராசையாவே 1943-ஆம் ஆண்டு பிறந்து பின்னாளில் இளையராஜா ஆனவர். அமர்சிங் கங்கை அமரன் ஆனார்.

வறுமை மிக்க வீடு அது. இராசையா பள்ளிப் படிப்பிற்குப் பணமின்றி, அப்போது கட்டப்பட்டு வந்த வைகை அணையில் கூலி வேலை பார்த்தார். அவ்வீட்டில் வீணை இல்லை, தம்பூரா இல்லை, பாட்டு வாத்தியார் வந்து போனதும் இல்லை. ஆனால் தாய் பாடினார். தாலாட்டும் வயல்காட்டுப் பாட்டும் ஒப்பாரியும் அவர் நாவில் இருந்தன. பிள்ளைகளின் காதில் முதலில் விழுந்த இசை அதுவே.

நாட்டுப்புறப் பாட்டில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அதில் தாளம் உடலிலிருந்து வருகிறது. நாற்று நடும்போது குனிந்து நிமிரும் அசைவும், உலக்கை மேலே போய்க் கீழே வரும் அசைவுமே அதன் கால அளவு. இரண்டு பெண்கள் ஓர் உரலில் மாறி மாறிக் குத்தும்போது, இரண்டு உலக்கையும் மோதாமல் இருக்க வேண்டுமென்றால் இருவருக்கும் தாளம் பிசகக் கூடாது. பாட்டு அங்கே வெறும் பொழுதுபோக்கன்று. வேலையின் ஒரு பகுதி. மெட்டும் நீளமானதன்று. நான்கைந்து சுரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே மகிழ்ச்சியும் துயரமும் அடங்கிவிடும். குறைந்த சுரங்களில் நிறைந்த உணர்ச்சி என்பதே நாட்டுப்புற இசை கற்றுத் தரும் முதற் பாடம் எனலாம்.

மூத்தவர் வகுத்த வழி

வரதராஜன் பாட்டு எழுதுபவர், பாடுபவர், பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். 'பாவலர்' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சிறப்பு. கட்சியின் பொதுக்கூட்டங்களில் பேச்சாளர்கள் பேசுமுன் அவர் பாடுவார். தொழிலாளியின் கூலி, விலைவாசி, நிலம், தேர்தல் ஆகியவையே பாடுபொருள்.

அவர் கையாண்ட முறை எளியது. மக்கள் ஏற்கெனவே அறிந்த திரைப்படப் பாடலின் மெட்டை எடுத்துக்கொள்வார். சொற்களை மாற்றிக் கூட்டத்தின் செய்தியை அதில் ஏற்றுவார். மெட்டு தெரிந்ததாகையால் கேட்பவர் மனம் உடனே ஒட்டிக்கொள்ளும். புதிய சொல் நகைப்பையும் சினத்தையும் கிளப்பும். 'இதில் என்ன புதுமை? மெட்டு பிறருடையதுதானே' என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒரு மெட்டின் மேல் வேறு சொற்களை உட்கார வைப்பது எளிதன்று. எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில், எங்கே வல்லின ஒற்று வந்தால் மெட்டு இடறும், எங்கே மெல்லினம் வந்தால் இழையும் என்ற நுட்பம் தெரிந்தாக வேண்டும். யாப்பிலக்கணத்தை நாம் வகுப்பறையில் படிக்கிறோம். பாவலரின் தம்பிகள் அதை மேடையில் நாள்தோறும் காதால் படித்தனர். பின்னாளில் தமிழ்த் திரையில் மெட்டுக்குப் பாட்டெழுதுவதில் கங்கை அமரன் காட்டிய எளிமைக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று கொள்ளலாம்.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. 1957-இல் அம்மாநிலத்தில் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி அமைத்தது. 1958-இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. அக்கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். வாக்காளர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினர். மலையாளத்தில் பேசும் பேச்சைவிடத் தமிழில் பாடும் பாட்டே அவர்கள் நெஞ்சைத் தொடும் அல்லவா? பாவலர் குழு அங்கே சென்று பாடியது. ரோசம்மா புன்னூஸ் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு என்று நம்பூதிரிபாடே பாராட்டியதாகச் சொல்வர்.

கலையை மக்களிடம் கொண்டு செல்லும் இந்த எண்ணம் பண்ணைப்புரத்தில் மட்டும் தோன்றியதன்று. 1943-இல் தொடங்கப்பெற்ற இந்திய மக்கள் நாடக மன்றம் வங்கம், மராட்டியம், ஆந்திரம் எனப் பல பகுதிகளிலும் பாட்டையும் நாடகத்தையும் தெருவுக்குக் கொண்டு வந்தது. தமிழில் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் அதே கொள்கையைத் திரைப்பாட்டில் பாடி, 1959-இல் இளமையிலேயே மறைந்தார். இந்தப் பெரிய ஆற்றின் ஒரு வாய்க்காலே பாவலரின் குழு.

பூட்டிய பெட்டி

குழுவின் முதன்மைக் கருவி ஓர் ஆர்மோனியம். பாவலர் அதைக் கோவையில் வாங்கி வந்தார். அண்ணன் அதைத் தம்பிகள் தொடக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தார். தொட்டால் அடி விழும். ஆனால் தடுத்த பொருள்மீதுதானே பிள்ளைகளுக்கு ஆசை? அண்ணன் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து தம்பிகள் விரலை ஓட்டிப் பழகினர். அந்த ஆர்மோனியத்தை இன்றும் தம்மோடு வைத்திருப்பதாக இளையராஜா மேடைகளில் பலமுறை கூறியிருக்கிறார். அதைத் தம் குருவாகவே அவர் மதிக்கிறார்.

ஆர்மோனியத்தைப் பற்றி இங்கே சற்று விளக்கமாகக் கூற வேண்டும். அது ஐரோப்பாவில் பிறந்து, சென்ற நூற்றாண்டுகளில் நம் நாட்டுக்கு வந்த கருவி. துருத்தியிலிருந்து வரும் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்ய ஒலி எழுகிறது. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒரு சுரம்தான். வீணையில் கம்பியை இழுத்தும், குரலைச் சுழற்றியும் நாம் தரும் கமகம் அதில் வராது. எனவே நம் இசைக்கு அது பொருந்தாது என்று அறிஞர் பலர் கண்டித்தனர். அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு முதல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது.

ஆனால் வானொலி நிலையத்தில் தடைபட்ட அக்கருவி, நாடகக் கொட்டகையிலும் பசனை மடத்திலும் தெருக்கூத்திலும் கட்சி மேடையிலும் அரசோச்சியது. ஏன்? தூக்கிச் செல்லலாம்; ஓசை பெரிது; பாடுபவர் சுருதி விலகாமல் பிடித்துக்கொள்ளும். நம் பக்கத்துக் கூத்து மேடைகளில் விடிய விடிய ஒலிக்கும் ஆர்மோனியத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். இன்னொரு சிறப்பும் அதற்கு உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கட்டைகளை அழுத்தினால் இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். சேர்ந்தொலிக்கும் சுரங்களே மேலை இசையின் அடித்தளம். மேலை இசை இன்னதென்று அறியாத வயதிலேயே, அதன் வாசற்படியில் அச்சிறுவர்களின் விரல்கள் நடமாடியிருந்தன. குறை என்று சொல்லப்பட்ட ஒன்றே பின்னால் அவர்களுக்கு நிறையாக முடிந்தது.

மேடையே பள்ளி

தம் பதினான்காம் வயதில் இராசையா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருடைய பணி பெண் குரலில் பாடுவது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தார். பெண் குரல் பாடும் பொறுப்பு பின்னர் தம்பி அமர்சிங்குக்கு வந்தது. பாஸ்கர் தாளக் கருவிகளைக் கவனித்துக்கொண்டார். இவ்வாறு ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்ப, ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று பாடினர்.

அப்பயணம் அவர்களுக்கு என்ன கற்றுத் தந்தது? முதலாவது, கூட்டத்தின் நாடி. திறந்த வெளியில், பேரிரைச்சலுக்கு நடுவில், உட்காரவும் மனமில்லாமல் நிற்கும் மக்களைப் பாட்டின் முதல் அடியிலேயே பிடித்து நிறுத்த வேண்டும். பாட்டு சோர்ந்தால் கூட்டம் கலையும். எந்தத் தேர்வுத்தாளும் இவ்வளவு விரைவில் மதிப்பெண் தராது. இரண்டாவது, பிற இசையமைப்பாளர்களின் பாடல்களை நுணுகிக் கற்கும் பழக்கம். திரைப்பாடலின் மெட்டை எடுத்துப் பாட வேண்டுமானால் அதைப் பிசகின்றி உள்வாங்க வேண்டும். ஜி. இராமநாதன், கே. வி. மகாதேவன், விசுவநாதன் இராமமூர்த்தி ஆகியோரின் பாடல்கள் வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் நாடெங்கும் ஒலித்த காலம் அது. எம். எஸ். விசுவநாதனின் இசை தம் குருதியில் கலந்தது என்ற கருத்தில் இளையராஜா பலமுறை நன்றியோடு பேசியிருக்கிறார். வானொலிப் பெட்டியே அச்சிறுவர்களுக்குத் தொலைதூரப் பல்கலைக்கழகம்.

1964-இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இராசையா மெட்டமைத்தார். அதுவே அவருடைய முதல் இசையமைப்பு எனக் குறிப்பிடப்படுகிறது. இரவல் மெட்டில் பயின்ற கை, தன் சொந்த மெட்டைத் தந்த இடம் அது.

இவ்வகைக் கல்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பண்ணைப்புரத்துப் பிள்ளைகள் மேடையேறிய அதே காலத்தில், 1957-இல், இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுக நகரில் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி என்னும் இரு இளைஞர் சந்தித்தனர். லெனனுக்கு முதலில் இசைக் கருவி கற்றுத் தந்தவர் அவருடைய தாய். மெக்கார்ட்னியின் தந்தை உள்ளூர் ஜாஸ் குழு ஒன்றில் வாசித்தவர். பின்னாளில் பீட்டில்ஸ் என்று புகழ்பெற்ற அக்குழுவின் நால்வரில் எவருக்கும் இசைக் குறியீட்டைப் படிக்கத் தெரியாது. வீடும் தெருவும் மேடையுமே அவர்களின் பள்ளி. முறையான கல்வி பெற்ற ஜார்ஜ் மார்ட்டின் என்னும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் பின்னர் அவர்களோடு சேர்ந்தபோது அவ்விசை புதிய உயரம் கண்டது. பண்ணைப்புரத்தாரின் வாழ்விலும் அத்தகைய ஓர் ஆசான் வரவேண்டியிருந்தது.

தன்ராஜ் மாஸ்டரின் அறை

அவர்களின் நண்பர் சின்னசாமி அல்லிநகரத்தைச் சேர்ந்தவர், சுகாதாரத் துறையில் பணியாற்றியவர், நாடகப் பித்தர். அவருடைய நாடகங்களுக்கு இச்சகோதரர்கள் இசையமைத்தனர். பின்னாளில் அவரே இயக்குநர் பாரதிராஜா. திரைக் கனவோடு அவர் சென்னை சென்றார். 1968-ஆம் ஆண்டளவில் சகோதரர்களும் சென்றனர். வழிச் செலவிற்காகத் தாய் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாய் கொடுத்தார் என்று இளையராஜா கூறியுள்ளார். அந்த வீட்டின் பல்கலைக்கழகத்தையே விற்றுப் பிள்ளைகளை அனுப்பினார் அத்தாய்.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இராசையா மாணவரானார். இராசையா என்ற பெயரை ராஜா என்று சுருக்கியவரும் அவரே. மேலை இசையின் குறியீட்டைப் படிக்கவும் எழுதவும், பியானோவும் கிட்டாரும் வாசிக்கவும் அங்கே கற்றார். லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வையும் எழுதித் தேறினார். கருநாடக இசையை டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார்.

மேலை இசையில் அவரை மிகவும் ஈர்த்தவர் பாக். அந்த செருமானிய இசை மேதையின் சிறப்பு 'கவுண்டர்பாயிண்ட்' என்னும் முறையில் இருக்கிறது. அதை நம் ஊர் வழக்கில் இப்படி விளக்கலாம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஓர் அடி பாட, பின்பாட்டுக்காரர் அதே அடியைத் திரும்பப் பாடுவார். இருவர் பாடினாலும் பாட்டு ஒன்றே. கவுண்டர்பாயிண்ட் முறையில், முதல்வர் ஒரு மெட்டைப் பாடும்போதே இரண்டாமவர் வேறொரு மெட்டைப் பாடுவார். தனித்தனியே கேட்டால் இரண்டும் முழுமையான மெட்டுகள். சேர்த்துக் கேட்டால் மோதாமல் ஒன்றையொன்று தாங்கும். ஓர் உரலில் இரண்டு உலக்கை மோதாமல் விழுவது போல என்று முன்பு சொன்னேனே, அதை இங்கேயும் நினைத்துக்கொள்ளலாம்.

படித்துக்கொண்டே பிழைப்பும் நடந்தது. கன்னடத் திரையிசையில் புகழ்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக ஏராளமான படங்களில் பணியாற்றினார். சலீல் சௌதுரியின் இசைக் குழுவில் கிட்டார் வாசித்தார். சலீல் சௌதுரி யார் என்பதை அறிந்தால் வியப்பு மேலிடும். அவர் அசாம் தேயிலைத் தோட்டச் சூழலில், தந்தையிடமிருந்த மேலை இசைத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். இந்திய மக்கள் நாடக மன்றத்தில் பாட்டுக் கட்டி உருவானவர். தேயிலைத் தோட்டம், பொதுவுடைமை மேடை, நாட்டுப்புற மெட்டு, மேலை இசை எனப் பண்ணைப்புரத்தாரின் பாதையும் அவர் பாதையும் ஒன்றாகவே இருந்தன. வடகிழக்கில் ஒருவரும் தென்கோடியில் ஒருவரும் ஒரே ஊற்றில் நீர் அருந்தியிருக்கின்றனர்!

1976

கதாசிரியர் ஆர். செல்வராஜ் வழியே பஞ்சு அருணாசலத்தின் அறிமுகம் கிடைத்தது. ராஜா என்ற பெயரோடு 'இளைய' என்ற அடைமொழியைச் சேர்த்தவர் பஞ்சு அருணாசலமே. ஏ. எம். ராஜா என்னும் புகழ்பெற்ற பாடகர் முன்பே இருந்தமையே அதற்குக் காரணம். 1976-ஆம் ஆண்டு மே மாதம் 'அன்னக்கிளி' வெளிவந்தது. இந்திப் படப் பாடல்கள் தமிழ்நாட்டு இளைஞரை ஆட்கொண்டிருந்த நேரத்தில், எஸ். ஜானகியின் குரலில் வயல்காட்டு மெட்டு தேநீர்க் கடைதோறும் ஒலித்தது. நடவுப் பெண்களின் குலவையையும் கிராமத்து மெட்டையும் கூச்சமின்றித் திரைக்குக் கொண்டு வந்தார். அவற்றின் பின்னால் மேலை இசை அறிந்தவரின் ஒழுங்கையும் வைத்தார்.

அதே 1976-ஆம் ஆண்டு நம் கல்வராயன் மலைக்கும் மறக்க முடியாத ஆண்டு. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த நம் மலையூர்கள் அவ்வாண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தன. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து நமக்கு அது வந்தது. மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் பாட்டு நாட்டின் பாட்டாக உயர்ந்ததும், ஒரு மலை நாடு நாட்டோடு சேர்ந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆயினும் நினைக்க இனிக்கிறது.

நாட்டுப்புற இசையும் செவ்விசையும் வேறு வேறு சாதி அல்ல என்பதை 1985-இல் வந்த 'சிந்து பைரவி' படம் காட்டியது. கே. பாலசந்தர் இயக்கிய அப்படத்தில், கதைத் தலைவி எளிய நாட்டுப்புற மெட்டில் பாடத் தொடங்குகிறாள். அம்மெட்டு சிறிது சிறிதாக நகர்ந்து, தியாகராசரின் கீர்த்தனை ஒன்றோடு சாரமதி இராகத்தில் இழையின்றிக் கலந்துவிடுகிறது. வித்துவான் தலை குனிகிறார். அப்பாடலுக்காக கே. எஸ். சித்ராவும், படத்தின் இசைக்காக இளையராஜாவும் தேசிய விருது பெற்றனர். அடுத்த ஆண்டே, 1986-இல், பாக்குக்கும் தியாகராசருக்கும் காணிக்கையாக 'ஹவ் டு நேம் இட்?' என்னும் கருவியிசைத் தொகுப்பை அவர் வெளியிட்டார். 2005-இல் திருவாசகத்தை ஹங்கேரி நாட்டு இசைக் குழுவோடு இணைத்தார். 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 8-இல் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று.

நால்வரும் நால் வகை

ஒரே வீடு, ஒரே தாய்ப் பாட்டு, ஒரே ஆர்மோனியம். ஆயினும் நால்வரும் ஒன்று போல வளரவில்லை. இளையவர் கங்கை அமரன் சொல்லின் பக்கம் சாய்ந்தார். '16 வயதினிலே' படத்தில் அவர் எழுதிய பாடலைப் பாடியதற்காக எஸ். ஜானகி தேசிய விருது பெற்றார். 'வாழ்வே மாயம்' முதலிய படங்களுக்கு இசையமைத்தார். 1989-இல் நாட்டுப்புறக் கலைஞர் வாழ்வை நகைச்சுவையோடு காட்டிய 'கரகாட்டக்காரன்' படத்தை இயக்கினார். கரகக் குழுவின் பயணமும் பசியும் பெருமையும் அவருக்குப் புத்தகத்தில் படித்தவை அல்ல; தாமே ஒரு பயணக் குழுவில் வளர்ந்தவர் அவர். பாஸ்கர் தயாரிப்பாளரானார், 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று அண்ணன் பெயரையே நிறுவனத்துக்கு இட்டு, 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தந்தார்.

மூத்தவர்? பாவலர் வரதராஜன் 'அன்னக்கிளி' வெளிவருமுன்பே காலமானார். தம்பியின் பெயர் திரையில் மின்னுவதை அவர் கண்கள் காணவில்லை. அவருடைய பாடல்கள் மேடைக்காகப் பிறந்து, மேடையிலேயே காற்றில் கரைந்தவை. இசைத்தட்டில் ஏறியவை அல்ல. எழுதிப் பாதுகாத்தவை சிலவே. பாடிய குரலோ நமக்குக் கிடைக்கவில்லை. தம்பியின் பாடல்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன; அவற்றுக்கு அடியில் அண்ணனின் குரல் கேளாமல் நிற்கிறது. வேர் மண்ணுக்குள் இருப்பதால் மரத்துக்கு வேர் இல்லை என்று சொல்வோமா?

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். முறையாகக் கற்காதவன் மேடை ஏறலாமா? ஏறலாம் என்பதற்குப் பாவலர் குழுவே சான்று. ஆனால் அத்தோடு நிற்கலாமா? நிற்கக் கூடாது என்பதற்குத் தன்ராஜ் மாஸ்டரின் அறை சான்று. இருபத்தைந்து வயதுக்கு மேல், பத்தாண்டு மேடை அனுபவம் பெற்ற பின்னும், மீண்டும் மாணவனாக அமர்ந்து முதற் பாடம் கற்கத் தயங்காதவரே இளையராஜா. 'எனக்குக் கேள்வி ஞானம் போதும்' என்று இறுமாந்திருந்தாலும், 'படித்தவர் இசையே இசை' என்று தாயின் பாட்டை மறந்திருந்தாலும் அவர் இந்த இடத்தை அடைந்திருக்க முடியாது. ஒன்றைப் பிடிக்க மற்றொன்றை விடாதவர் அவர்.

என் தவறும் எனக்கு விளங்கியது. "அதெல்லாம் பாட்டா?" என்று நான் சொன்னேன் அல்லவா? இக்கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கியதும், ஆயாவிடம் அப்பாடல்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று எண்ணினேன். தேர்வு முடியட்டும் என்றிருந்தேன். தை மாதத்தில் ஆயா காலமாகிவிட்டார். என் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான திரைப்படப் பாடல்கள் இருக்கின்றன. ஆயாவின் பாட்டு ஒன்றுகூட இல்லை. இரண்டு பாடல்களின் மெட்டு மட்டும் நினைவில் நிற்கிறது. சொற்கள் போய்விட்டன. சாமை குத்த எந்திரம் வந்துவிட்ட பிறகு உரலடிக்கு யாரும் வருவதில்லை. உரலடி இல்லாத இடத்தில் அப்பாட்டுக்கும் வேலையில்லை. ஆகவே இனி அது தானாகப் பிறக்கப் போவதில்லை.

கல்வராயன் மலையிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் இக்கல்லூரிக்கு வரும் நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு சின்னத்தாயம்மாள் இருப்பார். ஊரில் பம்பைக்காரர் இருப்பார். கூத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் இருப்பார். இந்த விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை அவர்களுக்காக ஒதுக்குங்கள். பாடச் சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள், சொற்களை எழுதிவையுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வேலைக்குப் பாடும் பாட்டு என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டினால், அடுத்த ஆண்டு மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். நம் இன்னிசைக் குழுவும் அடுத்த விழாவில் அவற்றுள் ஒன்றையேனும் மேடையில் பாட முன்வரலாம்.

நம்மிடையே இளையராஜா ஒருவர் தோன்றுவாரா என்பதை நாம் சொல்ல இயலாது. ஆனால் பாட்டைக் காத்து, தம்பிகளின் கையில் ஆர்மோனியத்தைக் கொடுக்கும் பாவலராக நம்முள் யாரும் ஆகலாம். அதற்கு மேதைமை வேண்டா. அன்பும் அக்கறையும் போதும். ஆயாவின் அந்த இரண்டு மெட்டுகளை நம் கீபோர்டு நண்பருக்குப் பாடிக் காட்டினேன். அவர் கட்டைகளில் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார். நான்கே சுரங்கள்தாம் இருந்தன. இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.